மூன்று கடையிலும் ஒரே மஞ்சள்

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அனெஸ்டிஸ் அவர்களுக்கு,

கவாலாவிலிருந்து உங்கள் தங்கை புருஷன் புரோட்ரோமோஸ் எழுதிக்கொண்டது. மாதாவின் தயவில் இங்கே நாங்கள் சுகம். ஸ்டுட்கார்ட்டில் நீங்களும், உங்கள் வீட்டம்மாவும், உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தங்கை ஸ்மரோ சுகம் என்பதைத் தனியாக இன்னொரு தரம் எழுதுகிறேன். யோசித்துத்தான் எழுதுகிறேன். ஏனென்று படிக்கப் படிக்கத் தெரியும். நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து உட்காரவும்.

இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம்தான், புதுப் போனே வாங்கியாகிவிட்டது. ஆனால் போனில் நீங்கள் என்னைப் பேசவிட்டதில்லை. நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும்போதே "அதைத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்பீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. தவிர, இதைச் சொல்லும்போது என் குரல் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்கே நிச்சயமில்லை.

விஷயம் ஆரம்பித்தது அக்டோபர் தேசிய தின அணிவகுப்பில். பேத்தி மிர்ட்டோ பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்ததால் இந்த வருடம் கொடி பிடித்தாள் என்பது உங்களுக்குத் தெரியும்; ஸ்மரோ அதை உங்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பாள். நான் கடற்கரைச் சாலையில் விடிந்ததிலிருந்து முன்வரிசையில் இடம் பிடித்து நின்று, பேத்தி நெருங்கியதும் பழைய போனை நீட்டிப் படமெடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படத்தில் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய காது இருக்கிறது, இன்னொன்றில் நீலமாக ஏதோ ஓடுகிறது, அது கொடியா, கடலா, பேத்தியா என்று சொல்ல முடியவில்லை. ஸ்மரோ நெடுநேரம் பார்த்துவிட்டு, "காது நல்லா விழுந்திருக்கு"ன்னாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் அந்தக் காதைப் பற்றித்தான் பேச்சு. கடைசியில் அவளே, "புதுசா ஒண்ணு வாங்குவோங்க, நல்ல கேமரா இருக்கிறதா, நானும் வர்றேன்"னு கிளம்பிவிட்டாள். அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்து யோசனை கேட்டேன்.

நீங்கள் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் மனதில் வைத்திருந்தேன் மச்சான், அதை ஒப்புக்கொள்கிறேன். கடையில் ஓடவிட்டிருக்கிற கிளி, அருவி, பழம் நறுக்குகிற வீடியோவைப் பார்த்து மயங்காதே, அது எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். போனை வெயிலில் கொண்டுபோய்ப் பார், எழுத்து தெரிகிறதா என்று பார். பக்கவாட்டில் சாய்த்துப் பார், நிறம் மாறினால் வேண்டாம். கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல் என்று விற்கிறவன் சொல்லுவான், தலையாட்டிவிட்டுக் காதில் வாங்காதே. இருட்டில் எடு, அசைகிறதை எடு. எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்த மனுஷர் முகத்தை எடு, தோல் நிறம் அப்படியே வந்தால் அதுதான் நல்ல கேமரா. இதை நீங்கள் சொன்னபோது எனக்குள் கொஞ்சம் சிரிப்பு வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பெயின்ட் கடை நடத்தி, இந்த ஊரின் பாதிச் சுவர்களுக்கு நிறம் சொன்னவன் நான். எனக்கு நிறம் பார்க்கச் சொல்லித்தருகிறாரே, அதுவும் பஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று நினைத்தேன். மன்னிக்கவும்.

முதல் கடை பெரிய தெருவில், கண்ணாடியும் விளக்குமாக மீன் தொட்டி மாதிரி இருந்தது. தாடி வைத்த ஒரு பையன் வந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே மெகாபிக்சலை ஒப்பிக்கத் தொடங்கினான். நான் தலையாட்டினேன், காதில் வாங்கவில்லை. திரையில் நீங்கள் சொன்ன அதே கிளி. ஸ்மரோ அவனைப் பார்த்து, "தம்பி, இந்தக் கிளிய நாங்க எங்க போய்ப் பார்க்கப் போறோம், எங்க வீட்டு அவரைச் சூப்பு எப்படித் தெரியும்னு காட்டு"ன்னாள். நான் போனைச் சாய்த்துப் பார்த்தேன், கிளி லேசாக நீலமானது, முதல் குறை என்று மனதில் போட்டுக்கொண்டேன். அடுத்தது வெயில் பரீட்சை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தேன். அதை மேசையோடு ஒரு கம்பியில் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கம்பி அறுந்ததும் கடை முழுக்கச் சங்கு ஊதத் தொடங்கியது மச்சான். எதிர்ப்புறக் காபிக் கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். தாடிக்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். தெருவில் போய்க்கொண்டிருந்த நம் பாதிரியார் நின்று, "புரோட்ரோமோஸ், நீயா"ன்னு மட்டும் கேட்டார், நான் பதில் சொல்லும் முன்பே சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த ஞாயிறு கோயிலில் என்னவெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவும். அத்தனை கலவரத்திலும் நான் திரையைப் பார்க்கத் தவறவில்லை. வெயிலில் அது முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிட்டது, என் மூக்கு முடியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

சங்கை நிறுத்திய பிறகு, இவ்வளவு ஆனபின் கேமராவையும் பார்த்துவிடலாம் என்று ஸ்மரோவை ஜன்னலோரம் நிற்கவைத்துப் படமெடுத்தேன். மஞ்சள். சுவர் வெள்ளையாக இருக்கிறது, அவள் போட்டிருந்த சாம்பல் கோட்டு சாம்பலாக இருக்கிறது, முகம் மட்டும் மஞ்சள். "என்னப்பா இது, இவங்களை எலுமிச்சம்பழம் மாதிரி காட்டுது"ன்னேன். தாடிக்காரன் எட்டிப் பார்த்து, "அது கதகதப்பான டோன் சார், இப்ப எல்லாரும் அதத்தான் விரும்புறாங்க"ன்னான். இதே பொய்யை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், தவறாகக் கலந்த டப்பாவைத் தள்ளிவிட. எனக்கா சொல்கிறான் என்று வெளியே வந்துவிட்டேன். ஸ்மரோ, "வேற கடை பார்ப்போம்"ன்னாள்.

இரண்டாவது கடை, என் பழைய வாடிக்கையாளர் லாம்பிஸுடையது. தெரிந்த மனுஷன், சங்கு இல்லை, கம்பி இல்லை. போன் வெயிலிலும் நன்றாகத் தெரிந்தது, சாய்த்தாலும் நிறம் மாறவில்லை. சந்தோஷமாக ஸ்மரோவைப் படமெடுத்தேன். பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, கன்னத்து மச்சத்தைக் காணோம், இருபத்தைந்து வயசில் ஒருத்தி, மெழுகில் வார்த்த மாதிரி நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறாள். எனக்கு யாரோ அந்நியப் பெண்ணைக் கட்டிக்கொண்ட மாதிரி கூச்சமாகிவிட்டது. லாம்பிஸ் பெருமையாக, "பூசி மெழுகித் தருமில்ல, அக்காவுக்கு வயசே தெரியல பாரு"ன்னான். பூசி மெழுகியும் என்ன பிரயோஜனம், அந்த இருபத்தைந்து வயசுக்காரியும் மஞ்சளாகவே இருந்தாள். சொன்னேன். அவன் உடனே எதையோ திரையில் இழுத்தான், இழுக்க இழுக்க ஸ்மரோவின் முகம் மெல்ல ரோஜா நிறத்துக்கு வந்தது, அதே நேரத்தில் பின்னாலிருந்த வெள்ளைச் சுவர் ஊதாவாகியது, ஓரத்துக் கண்ணாடியில் தெரிந்த என் மீசையும் ஊதாவாகியது. என் மனைவி சரியானால் உலகம் கெட்டுப்போகிறது, உலகம் சரியாக இருந்தால் என் மனைவி கெட்டுப்போகிறாள். நான் லாம்பிஸிடம், "உன் சுவரும் சரியா இருக்கணும், என் பொண்டாட்டியும் சரியா இருக்கணும், அப்படி ஒண்ணு இருக்கா இல்லையா"ன்னு கேட்டேன். அவன் சங்கடமாகத் தலையைச் சொறிந்தான். அப்போது அவன் ஸ்மரோவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான், எதையோ சொல்ல வந்து விழுங்கினான். இதை நான் அப்போது கவனிக்கவில்லை, இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. ஸ்மரோ கைப்பையை எடுத்துக்கொண்டு, "இன்னொரு கடை இருக்குல்ல, துறைமுகத்துக்கிட்ட"ன்னாள்.

போகிற வழியில் பூகாட்சாப் பலகாரக் கடையில் உட்கார்ந்தோம். மெல்லிய மாவு அடுக்குக்குள் பால் கூழ் வைத்தது ஆளுக்கு ஒரு தட்டு சொன்னேன். அவள் முள்கரண்டியால் அதைத் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள், தொடவில்லை. "வேண்டாமா"ன்னேன், "நீங்க சாப்பிடுங்க"ன்னாள். கோட்டுக் கைக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள், புது சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். நான் அவளுடைய தட்டையும் காலி செய்துகொண்டே கேமராவில் வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிற வெள்ளைச் சமநிலை என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டாவது தட்டு இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது மச்சான்.

மூன்றாவது கடையை நடத்துகிறவள் வாயா என்று ஒருத்தி, முப்பது முப்பத்திரண்டு இருக்கும், நிதானமானவள். என்ன வேண்டும் என்று சொன்னதும் அவளே கம்பியைக் கழற்றிப் போனை என் கையில் கொடுத்து, "வெளிய கொண்டு போங்க ஐயா, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க"ன்னாள். நான் பார்த்தேன். வெயிலில் எழுத்து கருகருவென்று தெரிந்தது. துறைமுகத்தில் தாசோஸ் தீவுக்குப் போகிற கப்பல் கட்டியிருந்தது, அதன் பெயரைக் கடைவாசலிலிருந்தே பெரிதாக்கிப் படித்தேன். மேலே பறந்த கடல்காகத்தை எடுத்தேன், இறகு இறகாக விழுந்தது, காதாக விழவில்லை. சாமான் அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு எடுத்தேன், அட்டைப் பெட்டிகளின் மூலை எல்லாம் தெரிந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது, கிட்டத்தட்ட வாங்கியே விட்டேன். கடைசியாக ஸ்மரோவை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி எடுத்தேன்.

மஞ்சள்.

கோபம் தலைக்கேறிவிட்டது. மூன்று கடை, மூன்று போன், ஒரே மஞ்சள். ஊரே சேர்ந்து கெட்டுப்போன கேமராவை விற்கிறது, கேட்பார் இல்லை என்று கத்தினேன் என்று நினைக்கிறேன். வாயா என் குரலுக்கு அசையவில்லை, போனை வாங்கிப் பார்த்தாள், ஸ்மரோவைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள், மெதுவாக, "ஐயா, இந்தக் கேமரா நிறத்தைச் சரியாத்தான் காட்டும்"ன்னாள். "சரியா காட்டுதா, இரு, இப்பவே காட்டுறேன். நீ போய் அவ பக்கத்துல நில்லு"ன்னேன். எனக்கு அதுதான் தோன்றியது. என் பெயின்ட் கடையில் நிறம் காட்டும் ஷேட் கார்டை வைத்துச் சுவரோடு ஒப்பிடுகிற மாதிரி, இரண்டு முகத்தையும் ஒரே படத்தில் எடுத்தால் இருவரும் மஞ்சளாக விழுவார்கள், கேமராவின் வண்டவாளம் வெளிவந்துவிடும். வாயா தயங்கித் தயங்கிப் போய் நின்றாள். "சிரிங்க"ன்னேன், எடுத்தேன்.

வாயா வாயா நிறத்தில் இருந்தாள். ஸ்மரோ மஞ்சள்.

இதற்குப் பிறகு நான் செய்ததை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். லென்சில் இடதுபாதி பழுது என்று சொன்னேன். "இடம் மாறி நில்லுங்க"ன்னு சொன்னேன். அவர்கள் மாறி நின்றார்கள். எடுத்தேன். மஞ்சளும் ஸ்மரோவோடு சேர்ந்து வலப்பக்கம் போயிருந்தது.

நான் திரையில் இரண்டு விரலை வைத்து விரித்தேன், பெரிதாக்கிப் பார்த்தால் ஏதாவது விளங்கும் என்று. நல்ல திரை மச்சான், என்ன சொல்ல, ஒவ்வொரு கண்ணிமை முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் கண்ணின் வெள்ளையும் தெரிந்தது. என் கடையில் எத்தனையோ வெள்ளை விற்றிருக்கிறேன், பால் வெள்ளை, பனி வெள்ளை, தந்த வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை, கண்ணைக் கட்டிவிட்டாலும் வாசனையில் சொல்லுவேன். அது அவற்றில் எதுவும் இல்லை. அது வெள்ளையே இல்லை. பல வருஷம் வெயில்பட்ட ஜன்னல் எனாமல் பழுத்திருக்குமே, அந்த நிறத்தில் என் பெண்டாட்டியின் கண். நான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தேன். திரையில் இல்லை, நேரே. அவள் மஞ்சளாக நின்றுகொண்டிருந்தாள். நாள்தோறும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள். வாயாதான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார வேண்டியவள் ஸ்மரோ, உட்கார்ந்தது நான். ஸ்மரோ என் தோளில் கை வைத்து, "ஒண்ணுமில்லங்க, எந்திரிங்க"ன்னாள். கையும் மஞ்சள்.

வாயா கடையைப் பூட்டி, 'இதோ வருகிறேன்' என்ற அட்டையைக் கதவில் தொங்கவிட்டு, தன் காரிலேயே எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். போனை நான் கையிலேயே வைத்திருந்தேன், கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. டாக்டரம்மா வந்ததும் நான் முந்திக்கொண்டு அவரிடம் படங்களை நீட்டினேன், இதில் வலப்பக்கம், இதில் இடப்பக்கம், இது பெரிதாக்கியது என்று. அவர், "படத்த உள்ள வைங்க ஐயா, ஆளே முன்னாடி இருக்காங்க"ன்னார். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தநாளம் அடைபட்டிருக்கிறது, அடைத்திருப்பது கல்லா, இல்லை கட்டியா என்பதை உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அந்தக் கட்டி என்ற வார்த்தையைச் சொல்லும்போது டாக்டரம்மா ஸ்மரோவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். உங்களுக்குப் போன் செய்து சொல்லலாம் என்று ஸ்மரோவிடம் சொன்னேன். அவள், "அண்ணனுக்கு மட்டும் சொல்லாதீங்க, முழங்காலோட ரயில் ஏறி வந்துடுவார்"னு சத்தியம் வாங்கிக்கொண்டாள். மறுநாள் குழாய் விடும் வரை நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. அந்தத் தாழ்வாரச் சுவருக்கு அடித்திருந்த பச்சை மட்டும் நினைவிருக்கிறது, மட்டமான பச்சை, சரியாகக் கலக்காமல் அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கல்தான் மச்சான். வெறும் கல். வாய் வழியாகக் குழாயை விட்டு, அதன் முனையில் ஒரு கேமராவை வைத்து, தேடிப் பிடித்து எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு அதைத் திரையில் காட்டினார். சுண்டைக்காய் அளவு. எனக்கு அழுகையாக வந்தது, அழுகையை அடக்குவதற்காக ஏதாவது பேச வேண்டும் என்று, "திரை கொஞ்சம் மங்கலா இருக்கே டாக்டர், கேமரா எத்தனை பிக்சல்"னு கேட்டுவிட்டேன். அவர், "கல்ல கண்டுபிடிக்கப் போதுமான அளவு"ன்னார். பித்தப்பையையும் அடுத்த வாரம் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்டாள். தினமும் காலையில் பால்கனி வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்து, முந்தின நாள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டது, இன்றைக்கு எடுத்ததில் கண் நல்ல பால் வெள்ளை. இப்போது ஆரஞ்சு உரித்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். போனுக்கான பணத்தை வாயாவிடம் கொடுக்கப் போனேன். "வேற மாடல் ஏதாவது பார்க்கிறீங்களா ஐயா"ன்னு கேட்டாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். வேண்டாம் என்றேன்.

ஆக, தோல் நிறத்தைப் பார் என்று நீங்கள் சொன்னதற்கு நன்றி, அதை மறுக்கவில்லை. ஆனாலும் நிறத்தைக் கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும் அல்லவா. வேறு ஒருவனாக இருந்தால் முதல் கடையிலேயே கதகதப்பான டோன் என்று நம்பி வாங்கிக்கொண்டு வந்திருப்பான். மூன்று கடை ஏறி இறங்கி, விடாப்பிடியாக நின்று, மஞ்சள் மஞ்சள்தான் என்று கண்டுபிடித்தது ஒரு பெயின்ட்காரனின் கண் என்பதை நீங்கள் ஜெர்மனியில் நாலு பேரிடம் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்கள் குடும்பத்துக்கு எங்கள் வணக்கமும் முத்தங்களும். குளிர் அதிகமாகும் முன் முழங்காலைப் போர்த்திக்கொள்ளவும். மாதா உங்கள் வீட்டு வாசலைக் காக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
புரோட்ரோமோஸ்

பி.கு.: அண்ணா, ஸ்மரோ எழுதுறேன். இவர் தபால்தலை வாங்கப் போயிருக்கார், உறையை இன்னும் ஒட்டல. இவர் எழுதினதெல்லாம் நடந்ததுதான். ஆனா கண்டுபிடிச்சது இவர் இல்ல. அணிவகுப்புக்கு முந்தியே ஒரு நாள் கண்ணாடியில பார்த்தேன், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நம்ம அம்மா கடைசியில எந்த நிறத்துல கிடந்தாங்கன்னு உனக்கும் எனக்கும் தெரியுமே. டாக்டர்கிட்ட போனா அதையேதான் சொல்லுவாங்கன்னு பயந்து வாய மூடிக்கிட்டேன். வீட்டு பல்பையெல்லாம் ஒவ்வொண்ணா மஞ்சளா மாத்தினேன், இவர் கண்ணுல படக்கூடாதுன்னு. வீடு இப்பத்தான் வீடு மாதிரி இருக்குன்னு பாராட்டினார் இவர். போன் வாங்கணும்னு கிளப்பினதும் அதுக்குத்தான். கண்ணாடி பொய் சொல்லுது, நல்ல கேமராவா ஒண்ணு பார்த்தா இல்லைன்னு சொல்லிடும்னு ஒரு நப்பாசை. முதல் கடையில சொல்லல, ரெண்டாவதுலயும் சொல்லல, அதனாலதான் மூணாவதுக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். அந்தப் பொண்ணை என் பக்கத்துல வந்து நிக்கச் சொன்னார் பாரு, அப்போ ஓடிடலாமான்னு இருந்துச்சு. இவர் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, அவ்வளவு அக்கறையா "சிரிங்க"ன்னார்.

சிரிச்சேன் அண்ணா.